மைதானத்து வீடியோ பழுதானால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பல்கலைக்கழக விளையாட்டுப் பக்கத்துக்கு வீடியோ தயாரிக்கும் இதழியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பில் மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் ஒவ்வொரு பருவத்திலும் கருவி அறைக்கு வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒன்றேதான்: பேட்டியில் காற்று இரைகிறது, ஓடுபவர் கலங்கித் தெரிகிறார், தமிழ் எழுத்து உடைகிறது, கோப்பு ஏற மறுக்கிறது. இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்று ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது.

உங்கள் கோளாறுக்குரிய தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத வழி முதலில் இருக்கும், காசு போகும் வழி கடைசியில். சரியானதும் நிறுத்திவிடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை. கார்டில் உள்ள கோப்புறை முழுவதையும் அப்படியே இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். வெட்டுவது, பெயர் மாற்றுவது, திருத்துவது எல்லாம் பிரதியில் மட்டும். வீடியோ பக்கத்தில் ஏறி, எல்லோரும் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கார்டை ஃபோர்மற் செய்யாதீர்கள். ஒரு மாணவி வருடக்கணக்கில் பயிற்சி எடுத்து ஓடும் ஓட்டம் பதின்மூன்று விநாடியில் முடிந்துவிடுகிறது. கமராவுக்காக அவர் அதை மறுபடி ஓடப்போவதில்லை.

## சத்தம் சரியில்லை

### பேட்டியில் காற்று மட்டும்தான் கேட்கிறது

கொழும்பில் பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். ரேஸ்கோர்ஸ் போன்ற திறந்த மைதானத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. எனவே முதலில் பார்க்க வேண்டியது கருவியை அல்ல, நின்ற இடத்தை. பார்வையாளர் மண்டபத்தின் கிழக்குச் சுவரோரம், நிறுத்தியிருக்கும் பஸ்ஸின் மறைவு, இரண்டும் இல்லாவிட்டால் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு நண்பர். இவ்வளவிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து மைக்கின் உறை. மைக்கோடு வரும் பஞ்சு உறை அறைக்குள் போதும், மைதானத்துக்குப் போதாது. மேலே ரோம உறை வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். கமராவிலோ ரெக்கோடரிலோ தாழ்ந்த ஒலியை வெட்டும் சுவிட்ச் இருந்தால் அதையும் போடுங்கள்.

ஏற்கெனவே பதிவானது என்றால், எடிட்டிங்கில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிப் பாருங்கள். பேச்சு அதற்கு மேலேதான் இருக்கிறது, பெரிதாக இழக்கமாட்டீர்கள். அப்படியும் சொற்கள் புரியாவிட்டால் மென்பொருள் வடிகட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும், காற்றும் முழுதாகப் போகாது. வீரர் இன்னும் மைதானத்தில் இருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். போய்விட்டார் என்றால், அவர் சொன்னதை உறுதிப்படுத்திக்கொண்டு சப்டைட்டிலாகப் போடுங்கள்.

இதற்காகத்தான் பேட்டி முடிந்த உடனே, வீரரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஹெட்போனில் பத்து விநாடி கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அரை நிமிடத்துக்கு யாரும் கோபிக்கமாட்டார்கள்.

### மைக் செருகியிருக்கிறது, ஆனால் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது

முதல் சோதனை: பதிவை ஓடவிட்டு மைக்கை விரலால் தட்டுங்கள், பிறகு கமராவின் உடலைத் தட்டுங்கள். கமராவில் தட்டிய சத்தம்தான் பெரிதாக வருகிறது என்றால் உங்கள் மைக் வேலையே செய்யவில்லை. கமராவின் சொந்த மைக்தான் பதிகிறது.

அப்படியானால் பிளக்கைப் பாருங்கள். போனுக்கான பிளக்கில் மூன்று கறுப்பு வளையம், கமராவுக்கான பிளக்கில் இரண்டு. மாற்றிச் செருகினால் சத்தம் வராது, அல்லது இடைக்கிடை வரும். சட்டையில் குத்தும் மைக்குகள் சிலவற்றில் போனுக்கும் கமராவுக்கும் மாற்றும் சிறு சுவிட்ச் உண்டு. அது சரியான பக்கம் இருக்கிறதா? கமராப் பக்கம் வைத்தால் அதற்குள் இருக்கும் பொத்தான் பற்றரி தேவைப்படும். பற்றரி தீர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஹெட்போன் துளை இல்லாத போன் என்றால் இடையில் போடும் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பாட்டுக் கேட்பதற்கு மட்டும் செய்த மலிவான அடாப்டர்களில் மைக் போகாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வயரை ஆட்டும்போது மட்டும் சத்தம் வந்து போனால், வயர் உள்ளே அறுந்திருக்கிறது. வேறு வயரோடு சோதியுங்கள். வேறு வயரிலும் அதே கதை என்றால் கமராவின் துளை தளர்ந்துவிட்டது. அது திருத்துநரின் வேலை. ஊசியை விட்டு நெம்பாதீர்கள்.

### சத்தம் வெடித்து, கரகரத்துப் போகிறது

100 மீற்றர் முடிவுக்கோட்டில் கூட்டம் எழும்பிக் கத்தும்போது இது நடக்கும். கமரா தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நிலையில் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு, கத்தும் சத்தம் மீற்றரில் மைனஸ் 12 டெசிபலுக்கு அருகே நிற்கும்படி கையால் வையுங்கள். ஒலிபெருக்கிக்கு நேரே கீழே நிற்காதீர்கள். வெடித்த சத்தத்தைப் பின்னால் சீராக்க முடியாது. ஆர்ப்பரிப்பு மட்டும்தான் வெடித்தது என்றால், அதே போட்டியின் வேறு ஓட்டத்தில் பதிந்த கூட்டத்தின் சத்தத்தைத் திருடி இங்கே ஒட்டாதீர்கள். அது செய்தி வீடியோ. அளவைக் குறைத்து உள்ளதையே போடுங்கள்.

### ஒரு காதில் மட்டும் கேட்கிறது

மைக் ஒற்றை ஒலி, கமரா இரட்டை ஒலி. எடிட்டிங்கில் இடது பக்கத்தை வலதுக்கும் நிரப்பினால் முடிந்தது. ஹெட்போனில் நன்றாகக் கேட்டு, போன் ஸ்பீக்கரில் மட்டும் குரல் மறைந்துபோனாலும் இதே வழிதான்: இரண்டு பக்கங்களில் ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## சத்தமும் படமும் பொருந்தவில்லை

### துப்பாக்கி புகைந்த பிறகுதான் வெடிச் சத்தம் வருகிறது

இது கோளாறே இல்லை. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகிறது. நீங்கள் முடிவுக்கோட்டில் நின்று தொடக்கக் கோட்டைப் படம் பிடித்தால், 100 மீற்றர் தாண்டி வருவதற்கு அதற்கு 0.3 விநாடி ஆகும். விநாடிக்கு 25 பிரேமில் அது ஏழு பிரேம். இதைச் சரிசெய்கிறேன் என்று முழு ஒலியையும் முன்னுக்கு இழுத்தால், பக்கத்தில் கைதட்டுபவரின் சத்தம் கையோடு பொருந்தாமல் போகும். வெடிச் சத்தம் புகையோடு சேர்ந்து வர வேண்டும் என்றால் இரண்டாவது போனைத் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

### முழு வீடியோவிலும் ஒரே அளவு பிந்துகிறது

எடிட் செய்யும்போது புளூடூத் ஹெட்போன் போட்டிருக்கிறீர்களா? கழற்றிவிட்டு வயர் ஹெட்போனில் கேளுங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் உண்மையிலேயே விலகியிருக்கிறது. கைதட்டல் அல்லது பந்து மோதும் ஓர் இடத்தைப் பிடித்து ஒலியை நகர்த்துங்கள். தனி ரெக்கோடரில் ஒலி பதிபவர்கள் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கமராவுக்கு முன்னால் ஒரு தடவை கையைத் தட்டுங்கள்.

### தொடக்கத்தில் பொருந்துகிறது, போகப்போக விலகுகிறது

போனில் எடுத்ததா? போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப பிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதியும். எடிட்டிங் மென்பொருளுக்கு அது குழப்பம். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற நிரலில் கோப்பைப் போட்டு, மாறாத பிரேம் வேகம் என்ற தெரிவை எடுத்து மாற்றிவிட்டு, மாற்றிய கோப்பை எடிட்டிங்கில் சேருங்கள். ஏற்கெனவே வெட்டி முடித்துவிட்டீர்கள் என்றால், விலகும் இடங்களில் ஒலியைத் துண்டாக்கிச் சிறிது சிறிதாகத் தள்ளுவதுதான் வழி. நேரம் தின்னும் வேலை.

குரலின் சுருதியும் மாறி, ஆள் வேகமாகவோ மந்தமாகவோ பேசுவதுபோல இருந்தால், 44.1 கிலோஹேர்ட்ஸில் பதிந்த ஒலியை 48 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, அல்லது மறுபக்கம். வீடியோ வேலைக்கு ரெக்கோடரை எப்போதும் 48இல் வையுங்கள்.

## படம் சரியில்லை

### ஓடுபவர் இழுபட்டுக் கலங்கித் தெரிகிறார்

இலங்கை வீரர் யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் 100 மீற்றரை 9.96 விநாடியில் ஓடினார். சராசரியாக விநாடிக்குப் பத்து மீற்றர். அந்த வேகத்தில் போகிறவரை 1/50 ஷட்டரில், அதாவது ஒரு பிரேமுக்கு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் விழும்படி எடுத்தால், ஒரு பிரேம் பதிவதற்குள் அவர் 20 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறார். 1/500இல் இரண்டு சென்ரிமீற்றர். நம் மாணவர்கள் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் கணக்கு பெரிதாக மாறாது.

வெயிலில் ஷட்டரை 1/250க்கு மேலே கொண்டுபோங்கள். நிறுத்திப் பார்க்க வேண்டிய முடிவுக்கோட்டுப் படமென்றால் 1/500 அல்லது 1/1000. கமராவை ஓடுபவரோடு சேர்த்துத் திருப்பினால் கலக்கம் வெகுவாகக் குறையும். மாலையில் வெளிச்சம் குறையும்போது ஷட்டரை ஏற்றினால் படம் இருண்டு புள்ளி விழும். அப்போது 1/100க்கு இறங்கி, திருப்பும் கையை நம்புங்கள்.

ஸ்லோ மோஷன் துள்ளித் துள்ளி ஓடுகிறதா? 25 பிரேமில் எடுத்ததைப் பாதி வேகமாக்கியிருக்கிறீர்கள். மெதுவாக்கப்போவது தெரிந்தால் எடுக்கும்போதே 50, 100 அல்லது 120இல் எடுங்கள். பின்னால் மென்பொருள் பிரேம்களை இட்டுநிரப்பும், ஆனால் கால்கள் குறுக்கே போகும் இடங்களில் சதை உருகியதுபோலத் தெரியும். வீரரின் உடலை அப்படிக் காட்டாதீர்கள்.

### கமராவைத் திருப்பும்போது கம்பங்கள் சாய்கின்றன

சென்சர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் வருவது. ஷட்டரை மாற்றினால் போகாது. பின்னுக்குத் தள்ளி நின்று, குறைந்த சூமில், மெதுவாகத் திருப்புங்கள்.

### உள்ளரங்கில் படத்தில் கோடுகள் ஓடுகின்றன, வெளிச்சம் துடிக்கிறது

இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. போன்கள் பல விநாடிக்கு 30 பிரேமில் இருப்பதால் இரண்டும் மோதும். பிரேமை 25 அல்லது 50க்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். ஐபோனில் 25 தெரியாவிட்டால் கமரா அமைப்புகளில் பிஏஎல் வடிவங்களைக் காட்டு என்ற தெரிவைத் திறந்தால் வரும். ஆண்ட்ரொய்டில் புரோ நிலைக்குப் போய் ஷட்டரை 1/100 ஆக்குங்கள்.

எல்ஈடி புள்ளிப்பலகை மட்டும் துடிக்கிறது என்றால் அதன் துடிப்பு வேறு. ஷட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கோடு நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் பலகையைச் சட்டகத்துக்கு வெளியே விட்டு, புள்ளியை எழுத்தாகப் போடுங்கள். வெறும் கண்ணுக்கே விளக்கு துடிக்கிறது என்றால் அரங்கப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மின்னியலாளர் பார்க்க வேண்டியது அது.

### ஐபோனில் எடுத்தது எடிட்டிங்கில் வெளுத்துப்போய் இருக்கிறது

வெளிச்சத்தையும் நிழலையும் சாதாரணத்தை விட விரிந்த அளவில் பதியும் எச்டிஆர் நிலையில் பதிந்திருக்கிறது. எடிட்டிங்கில் அந்தத் துண்டின் நிறவெளியைச் சாதாரண வீடியோவுக்குரிய ரெக். 709க்கு மாற்றுங்கள். அடுத்த முறை எடுக்கும் முன் போனின் வீடியோ அமைப்பில் எச்டிஆரை நிறுத்திவிடுங்கள். பலர் சேர்ந்து எடுக்கும் நாளில் ஒருவர் மட்டும் எச்டிஆரில் இருந்தால் நிறம் சேர்க்கவே ஒரு இரவு போய்விடும்.

### எல்லாம் பனி மூடியதுபோல இருக்கிறது

ஏசி அறையிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தீர்களா? கொழும்பின் ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். அறைக்குள்ளேயே பையை இறுக்க மூடிக்கொண்டு, மைதானத்தில் அரை மணி நேரம் மூடியபடியே வைத்த பிறகு திறவுங்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே ஊதாதீர்கள்.

அரை மணி கழிந்தும் மங்கல் போகவில்லை என்றால் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல நூல் தெரிந்தால் அது பூஞ்சை. துணியால் போகாது, நீங்களாகத் திறக்கவும் கூடாது. உடனே மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வைத்து, கமரா திருத்துநரிடம் கொடுங்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் காப்பாற்றலாம். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் லென்ஸ் போனதுதான். வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஒன்றுமே இல்லை. ஈரப்பதமானியும் ஒன்றை வைத்து, 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருங்கள்.

## பதிவு இடையில் நின்றுபோகிறது

என்ன செய்தி காட்டிவிட்டு நின்றது என்பதைப் பாருங்கள்.

சூடு என்று காட்டினால்: ஐபோன் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலுக்குத்தான் செய்யப்பட்டது. மதிய வெயிலில் செயற்கை ஓடுபாதையின் ஓரம் அதைத் தாண்டிவிடும். உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், சார்ஜ் ஏற்றிக்கொண்டே பதியாதீர்கள், 4கேயிலிருந்து 1080க்கு இறங்குங்கள், குடை பிடியுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். மேலே சொன்ன ஆவிதான் உள்ளே படியும்.

கார்ட் மெதுவானது என்று காட்டினால்: கார்டில் வீ30 என்று எழுதியிருக்கிறதா? விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதியும் 4கேக்கு 12.5 மெகாபைட்தான் தேவை, ஆகவே வீ30 தாராளமாகப் போதும். எழுதியிருந்தும் நிற்கிறது என்றால் கமராவிலேயே ஃபோர்மற் செய்து பாருங்கள், பிரதி எடுத்த பிறகு. அப்படியும் நின்றால் கார்ட் போலியாக இருக்கலாம். கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச நிரல் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துச் சொல்லிவிடும். எந்தக் கார்டையும் வாங்கிய அன்றே இப்படிச் சோதியுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எதுவும் காட்டாமல் அரை மணிக்கு ஒரு விநாடி முன்னதாக நின்றால்: பழைய கமராக்கள் பலவற்றில் ஒரு பதிவு 29 நிமிடம் 59 விநாடிதான். 5,000 மீற்றருக்கு முன் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். 4 ஜிகாபைட்டில் கோப்பு இரண்டாகப் பிரிந்திருப்பதும் கோளாறு இல்லை. அடுத்தடுத்து ஒட்டிவைத்தால் இடைவெளி தெரியாது.

## கார்ட் திறக்கவில்லை, கோப்பு ஓடவில்லை

முதலில் அதில் எதையும் எழுதாதீர்கள். இன்னொரு கார்ட் ரீடர், இன்னொரு கணினி. பாதிப் பேருக்கு ரீடர்தான் பழுது. கணினி கேட்கும் ஃபோர்மற் செய்யவா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

கார்ட் தெரிந்து கோப்புகள் மட்டும் காணவில்லை என்றால் ஃபோட்டோரெக் அல்லது ரெகுவா என்ற மீட்பு நிரலைப் போட்டுப் பாருங்கள். மீட்டெடுப்பவற்றை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல. பற்றரி போனதால் பாதியில் அறுந்த கோப்பு என்றால் அதற்கு முடிவுப் பகுதி எழுதப்பட்டிருக்காது. அதே கமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பொன்றை மாதிரியாகக் கொடுத்தால் அன்டிரங்க் என்ற நிரல் பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

எந்தக் கணினியிலும் கார்ட் தெரியவே இல்லை, அல்லது தொட்டால் சுடுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தரவு மீட்பவரிடம் போக வேண்டும். விலையை முன்கூட்டியே கேளுங்கள், மீட்காவிட்டால் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். ஒரு சாதாரணப் பயிற்சி வீடியோவுக்கு அந்தச் செலவு தேவையில்லை. பல்கலைக்கழகச் சாதனை ஓட்டத்துக்குத் தேவை.

## தமிழ் எழுத்து உடைகிறது

### தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரிகிறது, மற்றவர் கணினியில் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் போட்டு யுனிகோடாக்கி, ஒருமுறை முழுதாக வாசித்துத் திருத்துங்கள். வீடியோவின் தலைப்பும் விளக்கமும் யுனிகோடில் இல்லாவிட்டால், தன் பெயரைத் தமிழில் தேடும் வீரருக்குத் தன் ஓட்டமே கிடைக்காது.

### கொம்பும் காலும் தனித்தனியே நிற்கின்றன

எழுத்துரு நல்லதுதான், மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் விருப்பத்தெரிவுகளுக்குள் கிராஃபிக்ஸ் பகுதியில், எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய, மத்திய கிழக்கு என்பதற்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறவுங்கள். உங்கள் மென்பொருளில் அப்படி ஒரு தெரிவே இல்லை என்றால், தமிழ் ஒழுங்காக வரும் வேறு மென்பொருளில் எழுத்தை அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து வீடியோவின் மேல் வையுங்கள். திருத்தம் செய்யக் கொஞ்சம் சிரமம், ஆனால் எந்தக் கணினியிலும் உடையாது.

### வெறும் கட்டங்கள், அல்லது கேள்விக்குறிகள்

கட்டம் என்றால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா, லதா ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். சப்டைட்டில் கோப்பில் கேள்விக்குறி என்றால் சேமிக்கும்போது குறியாக்கம் தவறிவிட்டது. நோட்பேடில் யுடிஎஃப்-8 தெரிந்தெடுத்து மறுபடி சேமியுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்த கோப்பிலிருந்து தமிழை மீட்க முடியாது, மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள்.

### பெயர் பட்டையில் அடங்கவில்லை

எழுத்தைச் சுருக்காதீர்கள், பெயரை வெட்டாதீர்கள். பட்டையை இரண்டு வரியாக்குங்கள். புதிய பட்டை ஒன்றை வடிவமைத்ததும் முதலில் அதில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்று போட்டுப் பாருங்கள். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அவருடைய பெயர் அடங்காத பட்டை இந்த நாட்டு மெய்வல்லுநர் வீடியோவுக்கு ஆகாது.

சிங்கள மாணவர்களின் பெயரை ஆங்கில எழுத்திலிருந்து ஊகித்துத் தமிழில் எழுதாதீர்கள். பேட்டியின் முதல் விநாடிகளில் அவரையே பெயரைச் சொல்லச் சொல்லிப் பதியுங்கள். நெடிலும் குறிலும் அதில் தெரிந்துவிடும்.

## பக்கத்தில் ஏறவில்லை, ஏறினாலும் ஓடவில்லை

ஏறவே இல்லை என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். மூன்று நிமிட வீடியோ விநாடிக்கு 8 மெகாபிட்டில் 180 மெகாபைட் வரும். இணையத்தளச் சேவையகம் ஒரு கோப்புக்கு எல்லை வைத்திருக்கும். தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடினால், யாரும் மாற்றாவிட்டால் அது வெறும் 2 மெகாபைட். நேரடியாக ஏற்றப் போராடாமல், யூடியூபில் பட்டியலிடாததாக (Unlisted) ஏற்றி, அந்த இணைப்பைப் பக்கத்தில் பதியுங்கள். வளாக வைஃபையில் ஏற்றம் அறுந்துகொண்டே இருந்தால், கூட்டம் குறைந்த காலை நேரத்தில் வயர் இணைப்புள்ள கணினியில் முயலுங்கள்.

சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால் கோப்பு எச்இவிசி என்ற சுருக்கு முறையில் இருக்கிறது. சில உலாவிகள் அதைத் திறக்காது. எச்.264 படம், ஏஏசி ஒலி, எம்பி4 உறை என்று மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். முழுவதும் இறங்கிய பிறகுதான் ஓடத் தொடங்குகிறது என்றால், ஏற்றுமதியில் இணையத்துக்கு ஏற்றது என்ற பெட்டியைக் குறியிடவில்லை.

யூடியூப் ஒலியை முடக்கிவிட்டதா? மைதான ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு. யூடியூப் எடிட்டரிலேயே பாட்டை மட்டும் நீக்கும் வசதி இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்.

இவற்றுக்குப் பிறகும் ஏறவில்லை என்றால் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. கோப்பின் அளவு, முயன்ற நேரம், திரையில் வந்த செய்தியின் படம், மூன்றையும் இணையுங்கள்.

## வீடியோ நன்றாக ஓடுகிறது, ஆனால் முடிவு பிழை என்கிறார்கள்

மற்ற எல்லாக் கோளாறுகளையும் விட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். படம் கலங்கினால் நமக்குத்தான் நட்டம், நேரமும் பெயரும் பிழைத்தால் வீரருக்கு நட்டம். உடனே வாதாட வேண்டாம். வரிசையாகப் பாருங்கள்.

எந்தச் சுற்று? தகுதிகாண் ஓட்டத்தின் நேரத்தை இறுதிப்போட்டியின் படத்தில் போட்டிருக்கிறீர்களா? அடிக்கடி நடப்பது இதுதான்.

நேரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? அறிவிப்பாளர் சொன்னதைக் கேட்டு எழுதியிருந்தால் அதை மறந்துவிட்டு, கையெழுத்திட்ட முடிவுத்தாளைக் கேளுங்கள். கையால் அழுத்தும் நிறுத்தற்கடிகாரத்தில் எடுத்த நேரம் பத்தில் ஒரு விநாடி வரைக்கும்தான் எழுதப்படும்: 11.3. அதை அழகுக்காக 11.30 என்று எழுதினால் மின்னணு நேரம் என்று பொருளாகிவிடும். தாளில் உள்ளபடியே போடுங்கள்.

சாதனை என்று எழுதியிருக்கிறீர்களா? 100 மீற்றர், 200 மீற்றர், குறுந்தூரத் தடை ஓட்டம், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் ஆகியவற்றில் பின்காற்று விநாடிக்கு 2.0 மீற்றரைத் தாண்டினால் இடம் செல்லும், சாதனை செல்லாது. காற்றுமானி வாசிப்பு தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாதனை என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

வீடியோவில் மற்றவர்தான் முந்தியதாகத் தெரிகிறதா? நீங்கள் முடிவுக்கோட்டுக்கு நேரே நிற்கவில்லை என்றால் உங்கள் படம் பொய் சொல்லும். சரிவான கோணத்தில் ஒரு பாதைக்காரர் இன்னொருவரை முந்தியதுபோலவே தெரிவார். கணக்குக்கு எடுப்பது தலையோ கையோ அல்ல, உடற்பகுதி. உங்கள் கோணத்தை வைத்து நடுவரின் தீர்ப்பைத் திருத்தித் தலைப்புப் போடாதீர்கள். நடுவர் உங்கள் வீடியோவைக் கேட்டால் வெட்டாத மூலக் கோப்பைக் கொடுங்கள்.

முடிவுக்கு எதிராக முறையீடு செய்ய, அறிவித்ததிலிருந்து 30 நிமிடம் இருக்கிறது. அதற்குள் ஏற்ற வேண்டிய அவசரம் பல்கலைக்கழகப் பக்கத்துக்கு இல்லை. காத்திருந்து ஏற்றுங்கள்.

பிழை உறுதியானால் முதலில் வீரருக்குச் சொல்லுங்கள், பிறகு உடற்கல்விப் பிரிவுக்கு. பிழை விளக்கத்தில் மட்டும் என்றால் திருத்திவிட்டு, எது எப்போது மாற்றப்பட்டது என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். பிழை படத்துக்குள் இருந்தால், யூடியூபில் அதே இணைப்பில் கோப்பை மாற்ற முடியாது. புதிதாக ஏற்ற வேண்டும். புதியது ஏறி, பல்கலைக்கழகப் பக்கத்தில் பதிந்த இணைப்பையும் மாற்றி, போனில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு பழையதை நீக்குங்கள்.